அங்காதிபாதம்: ஒரு சொல் வாழாமல் போன கதை

தமிழிலக்கியம் பயின்றவர்களுக்குக் ‘கேசாதிபாதம்’ என்ற சொல் பழக்கமானது. கூந்தலில் தொடங்கிக் கால் நகம் வரை ஓர் உடலை உறுப்புறுப்பாக வருணித்துச் செல்லும் முறை அது. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் பாடினியை வருணிக்கும் பகுதி இதற்குப் பழஞ்சான்று. அடியில் தொடங்கி முடியில் முடித்தால் அது பாதாதிகேசம். பின்னாளில் இவை தனிச் சிற்றிலக்கிய வகைகளாகவே எண்ணப்பட்டன. ‘அங்காதிபாதம்’ என்றொரு சொல்லை முதன்முறை கேட்கும் இலக்கிய மாணவர் அதையும் இவ்வகைப் பிரபந்தங்களுள் ஒன்றாகவே நினைப்பார்.

ஆனால் 1872இல் வெளிவந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ செய்யுள் நூலன்று. இலண்டனில் ஹென்றி கிரே எழுதி 1858இல் வெளியிட்ட உடற்கூறியல் நூலின் தமிழாக்கம் அது. எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் இன்றுவரை புதிய பதிப்புகளில் படித்துவரும் அந்த நூல், மூலம் வெளிவந்த 14 ஆண்டுகளிலேயே தமிழுக்கு வந்துவிட்டது. வெறும் அலங்காரமாக வரவில்லை. அதை வைத்துத் தமிழில் பாடம் நடந்தது. தமிழில் படித்தவர்கள் மருத்துவர்களாக ஊர்களில் அமர்ந்தார்கள்.

அந்தச் சொல் இன்று வழக்கில் இல்லை. அந்த நூலும் வகுப்பறைகளில் இல்லை. அது ஏன் வாழாமல் போயிற்று என்று கேட்பது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. கோவில்பட்டியில் இருந்துகொண்டு கேட்கும்போது அந்தக் கேள்விக்கு ஓர் அவசரம் வந்துவிடுகிறது.

வடக்கே விருதுநகர், தெற்கே திருநெல்வேலி, தென்கிழக்கே தூத்துக்குடி என மூன்று அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு நடுவே இருக்கிறது இந்தக் கரிசல் நிலம். நெல்லைக் கல்லூரி 1965இலும், தூத்துக்குடிக் கல்லூரி 2000இலும், விருதுநகர்க் கல்லூரி 2022இலும் திறக்கப்பட்டன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. அதன்பின் விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் போன்ற ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இந்த வாசல் சற்று அகலமாகத் திறந்திருக்கிறது. மருத்துவம் கிடைக்காதவர்கள் நர்ஸிங், மருந்தாளுநர், ஆய்வக நுட்பம் ஆகிய படிப்புகளுக்குப் போகிறார்கள். எந்தப் படிப்பானாலும் முதலாண்டில் அவர்கள் எதிர்கொள்வது உடற்கூறியலும் உடலியங்கியலும்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த பெண், தன் உடம்பையே அறிமுகமில்லாத மொழியில் முதலிலிருந்து கற்கத் தொடங்குகிறாள். கெண்டைக்கால் என்று பிறந்தது முதல் சொல்லிவந்த சதைக்கு ‘கேஸ்ட்ரோக்நீமியஸ்’ என்று எழுதிப் பார்த்து, எழுத்துப் பிழையில்லாமல் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. முதலாண்டிலேயே மனம் உடைந்து திரும்பி வருகிறவர்களை எங்கள் பக்கத்தில் ஆசிரியர்களாக இருக்கும் அனைவரும் அறிவோம்.

*

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தவர். நியூயார்க் மத்தியப் பூங்கா உருவாவதில் பெரும்பங்கு வகித்த ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் இவருடைய சகோதரர். மருத்துவம் படித்து முடித்த சாமுவேல், அமெரிக்க மிஷனின் ஊழியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியதோடு மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தில் அதற்கு நிலம் முன்பே பண்பட்டிருந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி மேலை அறிவியலை இளைஞர்களுக்குக் கற்பித்து வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரும் தொல்காப்பியப் பதிப்பாசிரியருமான சி.வை. தாமோதரம் பிள்ளை அங்கே படித்தவர் என்பதை இங்கே நினைவுகூரலாம். ஆக, பழந்தமிழ் ஏடுகளும் மேலை அறிவியலும் ஒரே தலைமுறையின் மேசையில் அருகருகே இருந்த காலம் அது.

கிறீன் தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆனால் அப்போதே தமிழில் நூல்களை உண்டாக்கும் வேலையையும் மேற்கொண்டார். 1850களில் வந்த முதல் நூல்களுள் ஒன்று, கால்வின் கட்டர் எழுதிய பள்ளிப் பாடநூலின் தமிழ் வடிவம். அதன் பெயர் ‘அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல்’. இன்றைய காதுக்கு இது மந்திரம்போல ஒலிக்கலாம். பிரித்துப் பார்த்தால் திகைப்பு நீங்கும். அங்காதிபாதம் என்பது உடற்கூறியல். சுகரணம் என்பது உடலியங்கியல். உற்பாலனம் என்பது உடல்நலம் பேணுதல். கரணம் என்பதற்குக் கருவி, செயல் ஆகிய பொருள்கள் உண்டு. கருவிகள் செவ்வனே தொழிற்படுதலைச் சுகரணம் என்று கொண்டார்கள். அங்காதிபாதம் என்ற ஆக்கத்திலோ கேசாதிபாதத்தின் சாயல் தெளிவாகவே தெரிகிறது. உறுப்புகளை வரிசையாகச் சொல்லிச் செல்லும் பழக்கம் ஏற்கெனவே தமிழில் உண்டு, அந்தப் பழக்கத்தின் மேல் புதிய அறிவை ஏற்றி வைக்கலாம் என்று யாரோ ஒரு தமிழறிந்தவர் கிறீனின் அருகில் இருந்து யோசித்திருக்க வேண்டும். அவருடைய மாணவர்களும் உதவியாளர்களுமாகிய யாழ்ப்பாணத் தமிழர்கள் இந்த மொழிபெயர்ப்புகளில் பங்குகொண்டார்கள். நூல்முகப்பில் கிறீன் பெயர் பெரிதாக நிற்பதால் அவர்களை நாம் மறந்துவிடலாகாது.

1858இல் தாயகம் சென்ற கிறீன் 1862இல் மீண்டும் வந்தார். இம்முறை ஒரு தீர்மானத்தோடு வந்தார். 1864 முதல் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். தொடர்ந்து நூல்கள் வந்தன. அறுவை மருத்துவத்துக்கு ‘இரணவைத்தியம்’, உடற்கூறியலுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’, பொது மருத்துவத்துக்கு ‘வைத்தியாகரம்’, வேதியியலுக்குக் ‘கெமிஸ்தம்’, உடலியங்கியலுக்கு ‘மனுஷ சுகரணம்’. கடைசியாகச் சொன்னது 1883இல் வந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1873இல், அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய்விட்டார். அமெரிக்காவில் இருந்துகொண்டே தமிழ் நூல் வேலையைக் கைவிடாமல் செய்துவந்தார். 1884இல் இறந்தார். தாம் தமிழர்களுக்கு மருத்துவ ஊழியராக இருந்ததைக் கல்லறைக் கல்லில் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்படியே பொறித்தார்கள்.

அவரும் அவர் குழுவினரும் ஆக்கிய மருத்துவ, அறிவியல் நூல்கள் மொத்தம் நான்காயிரம் பக்கங்களுக்கு மேல் வரும். அவரிடம் பயின்று மருத்துவரானவர்கள் 62 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 33 பேர், தமிழிலேயே படித்தவர்கள்.

கலைச்சொல்லாக்கத்தில் அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் தமிழில் இருக்கும் சொல்லைத் தேடுவது. இல்லையேல் சமஸ்கிருதத்தில் தேடுவது. அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப வளைத்துக்கொள்வது. ‘கெமிஸ்தம்’ மூன்றாம் வகை. அவர் காலத்து எழுத்துத் தமிழின் இயல்புக்கேற்ப இரண்டாம் வகையே மிகுந்தது.

இங்கே ஒரு சிறு செய்தி. கிரேயின் நூலை நூலாக்கியவை ஹென்றி வான்டைக் கார்ட்டர் வரைந்த படங்கள். நூல் வெளிவந்த 1858இலேயே கார்ட்டர் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து பம்பாய் வந்துவிட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியலும் உடலியங்கியலும் கற்பித்தார். கிரே 1861இல், தமது முப்பத்து நான்காம் வயதில், பெரியம்மையால் மாண்டார். மூலநூலைப் படைத்த இருவரில் எஞ்சியிருந்தவர் இந்தியாவில் ஆங்கிலத்தில் கற்பித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், பாக் நீரிணைக்கு அப்பால் அந்நூல் தமிழாகிக்கொண்டிருந்தது.

*

கிறீன் தமிழைத் தேர்ந்ததற்குக் காரணம் மொழிப்பற்று மட்டும் என்று சொன்னால் அது நம் ஆசையை அவர்மீது ஏற்றுவதாகும். அவருடைய கணக்கு நடைமுறை சார்ந்தது. ஆங்கிலத்தில் படித்தவன் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரை விட்டுப் போகிறான். தமிழில் படித்தவன் தன் ஊரில் தங்குவான், தன் மக்களுக்கு வைத்தியம் பார்ப்பான் என்று கருதினார். மாணவர்கள் மேலைநாட்டு நடையுடை பாவனைகளைக் கைக்கொள்வதையும் அவர் விரும்பவில்லை.

கணக்கு சரியானதுதான். ஆனால் அதே கணக்கில்தான் தோல்வியும் இருந்தது. ஊதியமும் மதிப்பும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தன. கொழும்பில் 1870இல் திறக்கப்பட்ட மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது. அரசாங்க வேலைக்கான வழி அங்கே இருந்தது. அறிவைத் தமிழில் தரலாம். அதைக் கொண்டு வாழ்வதற்கான இடத்தைத் தமிழில் தர ஒரு மிஷனால் இயலாது, அரசால்தான் இயலும். கிறீன் போனபின் அந்தக் கல்விமுறை தொடரவில்லை. மானிப்பாயில் இன்றும் அவர் பெயரில் மருத்துவமனை இருக்கிறது. ஈழத்துக் கவிஞர் அம்பி போன்றோர் எழுதியிராவிட்டால் நூல்களின் பெயர்கள்கூட நமக்கு எட்டியிரா.

இந்தியாவிலும் இதே போக்குதான் இருந்தது. கல்கத்தாவில் 1822இல் தொடங்கிய மருத்துவ நிறுவனத்தில் இந்திய மொழிகள்வழிக் கல்வி நடந்தது. 1835இல் அதை மூடிவிட்டு ஆங்கிலவழி மருத்துவக் கல்லூரியைத் திறந்தார்கள். மறு ஆண்டில் மதுசூதன் குப்தா அங்கே மனிதப் பிரேதத்தை அறுத்துப் பாடம் கற்பித்ததை வரலாறு பெரிதாகப் பேசுகிறது, பேச வேண்டியதுதான். ஆனால் அதே கல்லூரி 1839இல் இந்துஸ்தானி வகுப்பையும் 1852இல் வங்காள வகுப்பையும் தொடங்க வேண்டி வந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் கற்பித்தால் மக்களுக்குப் போதிய வைத்தியர்கள் கிடைக்கமாட்டார்கள் என்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்துபோயிற்று. சென்னையில் மருத்துவப் பள்ளி 1835இல் தோன்றி 1850இல் கல்லூரி எனப் பெயர்பெற்றது. அங்கே தமிழுக்கு அப்படி ஓர் இடம் வாய்க்கவில்லை.

*

சொற்கள் ஏன் வாழ்கின்றன, ஏன் மடிகின்றன என்பதை அறிய ஜப்பானைப் பார்க்க வேண்டும். 1771இல் எடோ நகரத்துக் கொலைக்களத்தில் ஒரு பிரேதம் அறுக்கப்படுவதைச் சில வைத்தியர்கள் பார்த்தார்கள். சுகிதா கெம்பக்கு, மயேனோ ரியோத்தக்கு முதலியோர். கையில் ஒரு டச்சு உடற்கூறியல் நூல் இருந்தது. அதன் படங்கள் கண்முன் இருந்த உடலோடு பொருந்தின. தாங்கள் படித்த சீன நூல்கள் பொருந்தவில்லை. அந்த நூலை மொழிபெயர்ப்பது என்று தீர்மானித்தார்கள். அகராதி இல்லை. டச்சு மொழியும் சரியாகத் தெரியாது. புருவம் என்பது கண்ணுக்கு மேல் வளரும் மயிர் என்ற அளவிலான ஒரு வாக்கியத்துக்கு ஒரு நீண்ட வசந்தகாலப் பகல் முழுதும் செலவழிந்ததைச் சுகிதா தம் முதுமையில் எழுதிய நினைவுக்குறிப்பில் சொல்கிறார். 1774இல் ‘கைத்தாய் ஷின்ஷோ’ வெளிவந்தது. நரம்புக்கு அவர்கள் ஆக்கிய ‘ஷின்கெய்’ என்ற சொல்தான் ஜப்பானில் இன்றும் வழங்குகிறது.

கிறீனின் குழுவைவிடச் சுகிதாவின் குழுவுக்கு வசதிகள் குறைவு. மருத்துவம் தெரிந்த அயல்மொழியாளர் ஒருவர்கூட அவர்களோடு உட்கார்ந்து மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் சொல் நின்றது. காரணம், அடுத்த தலைமுறை அந்த நூலைக் கையில் எடுத்துக்கொண்டது. சுகிதாவின் மாணவர் ஓத்சுகி கெந்தக்கு அதைத் திருத்தி எழுதினார். திருத்திய நூல் 1826இல் வெளிவந்தது. பிழை சொல்வதற்கும் ஆட்கள் வேண்டும். பிழை சொல்லப்படும் நூல்தான் உயிருள்ள நூல். மனுஷ அங்காதிபாதத்துக்குப் பிழை சொல்லக்கூட நம்மிடையே ஒரு வகுப்பறை மிஞ்சவில்லை.

*

நம் பக்கத்தில் முயற்சிகள் நடக்காமலில்லை. 1916இல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் தமிழில் அறிவியற் சொற்களை ஆக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1930களில் அந்த வேலையின் மையம் கரிசலுக்கு அருகே வந்தது. திருநெல்வேலியில் இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ.மு. சுப்பிரமணிய பிள்ளையின் உழைப்பில், சொல்லாக்க மாநாடு கூட்டி, 1938இல் ‘கலைச்சொற்கள்’ தொகுதியை வெளியிட்டது. 1940இல் சென்னை அரசு சீனிவாச சாஸ்திரி தலைமையில் அமைத்த குழு வடசொற்களின் பக்கம் சாய்ந்தபோது, தமிழறிஞர்கள் எதிர்த்து நின்றார்கள். சுகரணம் போன்ற ஆக்கங்கள் பின்வாங்கி, உடலியங்கியல், உடற்கூறியல் போன்றவை முன்வந்த பின்னணி இதுதான். 1960களில் கல்லூரிகளில் தமிழ்ப் பயிற்றுமொழி வந்தபோது அரசே கல்லூரிப் பாடநூல்களை வெளியிட்டது. விலங்கியல் மாணவர்கள் உடலியங்கியலைத் தமிழில் படித்துத் தேறினார்கள். ஆனால் அந்தத் தமிழ் மருத்துவக் கல்லூரியின் வாசலைத் தாண்டவில்லை.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியைத் தனியே சொல்ல வேண்டும். 1964இல் தொடங்கியது. கோவில்பட்டியிலிருந்து ஒன்றரை மணிநேரப் பயணத் தொலைவு. தொண்ணூற்றாறு தத்துவங்கள், எழுவகை உடற்கட்டுகள், வர்மப் புள்ளிகள் ஆகிய பழைய உடல்நூல் கருத்துகளும், அறுத்துப் பார்த்து அறியும் நவீன உடற்கூறியலும் ஒரே மாணவரின் பாடத்திட்டத்தில் சந்திக்கும் இடம் அது. தமிழ்ச் சொல்லும் மேலைச் சொல்லும் நாள்தோறும் ஒன்றையொன்று உரசிப் பார்க்க வாய்ப்புள்ள வகுப்பறைகள் அங்கே இருக்கின்றன. நம் சொல்லாக்கக் குழுக்கள் அவற்றைப் போதிய அளவு பயன்படுத்திக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஒரே மொழிக்குள் இரண்டு கலைச்சொல் மரபுகள் உண்டானது இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டுப் பாடநூல் தமனி, சிரை என்கிறது. ஈழத்துப் பாடநூல் அவற்றை நாடி, நாளம் என்கிறது. நமக்கு நாளம் என்றால் பொதுவாகக் குழாய். நாளமில்லாச் சுரப்பி என்கிறோம். நாம் கணையம் என்பது அங்கே சதையி. நாம் செல் என்பது அங்கே கலம். நாம் இரத்தம் என்பதை அவர்கள் குருதி என்று பாடநூலில் எழுதிப் பழகிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஒரு முயற்சி இருகரைக்கும் பொதுவாக வளர்ந்திருந்தால் இந்தப் பிளவு நேர்ந்திராது.

*

குழுக்கள் ஆக்கிய சொற்களைப் பற்றி இவ்வளவு பேசினோம். மக்களிடம் உள்ள உடற்சொற்களைப் பற்றியும் பேச வேண்டும். கரிசல் வட்டாரச் சொற்களுக்குக் கி. ராஜநாராயணன் அகராதி தொகுத்தது, கல்வி நிறுவனங்கள் செய்யத் தவறிய வேலையை ஓர் எழுத்தாளர் தனியாகச் செய்த கதை. உடலைப் பற்றிய சொற்களை மட்டும் எடுத்துத் தொகுத்தாலே தனி நூலாகும்.

எங்கள் பக்கத்தில் இடுப்புக்குப் பின்புறம் குறுக்கு. விலாவுக்குக் கீழே பக்கவாட்டு வயிறு அல்லை. கழுத்தின் பின்புறம் பிடதி. கணுக்கால் கரண்டை. புண் வந்து கவட்டியிலோ அக்குளிலோ கட்டி திரண்டால் ‘நெறி கட்டியிருக்கு’ என்பார்கள். நெறி என்பது நிணநீர்க்கணு. காலில் முள் தைத்தால் கவட்டியில் நெறி கட்டும் என்று சொல்லும் கிழவிக்கு, நிணநீர் எந்த வழியில் போகிறது என்பது அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. பெயர் மட்டும் வேறு.

உள்ளுறுப்புகளுக்கு நம் மக்களின் உடற்கூறியல் வகுப்பறை கறிக்கடை. ஈரல், நுரையீரல், குண்டிக்காய், சுவரொட்டி, குடல், நல்லியெலும்பு என ஆட்டின் உறுப்புகளைப் பிரித்தறியாத வீட்டுப் பெண் இல்லை. சுவரொட்டி என்பது மண்ணீரல் என்றும், குண்டிக்காய் என்பது சிறுநீரகம் என்றும் முதல்நாள் வகுப்பில் ஒரு வரி சொன்னால் போதும். அந்த உறுப்பின் நிறம், பருமன், வழவழப்பு எல்லாம் மாணவியின் கைக்குள் வந்துவிடும். அவள் அதைப் பலமுறை கழுவியிருக்கிறாள்.

இலத்தீன், கிரேக்கச் சொற்களும் பிறக்கும்போது இப்படித்தான் பிறந்தன. கேஸ்ட்ரோக்நீமியஸ் என்றால் கிரேக்கத்தில் காலின் வயிறு. நம்மவர்கள் அங்கே கெண்டை மீனைக் கண்டார்கள். பட்டெல்லா என்றால் இலத்தீனில் சிறு தட்டு. நமக்கு அது முழங்காற் சில்லு; தெருவில் கட்டம் கீறிப் பிள்ளைகள் எறிந்து விளையாடும் அதே சில்லு. கிளாவிக்கிள் என்றால் சிறு சாவி. நமக்கு அது காறையெலும்பு. காறை என்பது கழுத்தணி. காதின் உள்ளே இருக்கும் மூன்று நுண்ணெலும்புகளை நம் பாடநூல் சுத்தி, பட்டடை, அங்கவடி என்கிறது. இலத்தீனிலும் அவை கொல்லனின் சுத்தியலும் பட்டடையும் குதிரைச் சேணத்தின் அங்கவடியுமே. கண்ணின் நடுவே உள்ள கருவட்டத்துக்கு இலத்தீனில் பூப்பில்லா என்று பெயர். சிறு பொம்மை என்று பொருள். எதிரில் நிற்பவரின் உருவம் அங்கே பொம்மைபோலத் தெரிவதால் வந்த பெயர். தமிழில் அதற்குப் பாவை. பாவையும் பொம்மைதான். ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் ஒரே கண்ணுக்குள் ஒரே பொம்மையைப் பார்த்திருக்கின்றன.

நரம்பு என்ற சொல் இன்னும் ஆழமானது. சங்க இலக்கியத்தில் யாழின் தந்தி நரம்பு. பேச்சுவழக்கில் இரத்தக்குழாயும் நரம்பு, தசைநாணும் நரம்பு. ‘நரம்பு ஊசி’ என்றால் சிரையில் போடும் ஊசி. இது தமிழின் துல்லியக் குறைவு என்று சிலர் நகைப்பார்கள். நியூரான் என்ற கிரேக்கச் சொல்லின் பழைய பொருளும் தசைநாண், வில்நாண் என்பதே. கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி அலெக்சாந்திரியாவில் ஹெரோஃபிலஸ் போன்றோர் உடலை அறுத்துப் பார்த்த பிறகுதான் நரம்பு வேறு, நாண் வேறு என்ற தெளிவு வந்தது. சொல் பழையதாகவே இருந்தது; பொருள் கூர்மையடைந்தது. ஒரு மொழியில் அறிவு வேலை செய்யும்போது நடப்பது இதுதான். தமிழில் நரம்புக்கு அது பாடநூல் அளவில் நடந்துவிட்டது; பேச்சில் இன்னும் நடக்கவில்லை. நடுவே வகுப்பறையும் மருத்துவமனையும் வேறு மொழியில் இருப்பதே காரணம்.

விளைவு நோயாளியின் தலையில் விடிகிறது. அல்லையில் வலி என்று ஒரு முதியவர் சொல்லும்போது, எதிரே இருப்பவர் வயிற்றுவலி என்று எழுதிக்கொண்டால், சிறுநீரகத்தில் தேட வேண்டியதை வேறெங்கோ தேட நேரும். கிறீன் தம் மாணவர்கள் ஊரில் தங்க வேண்டும் என்று விரும்பியதை இந்தக் கோணத்தில் பார்த்தால், அவர் கேட்டது மொழிபெயர்ப்பு மட்டுமன்று, காதையும் சேர்த்துத்தான் என்பது விளங்கும்.

*

அண்மையில் இந்தக் கேள்வி மீண்டும் எழுந்துள்ளது. 2022 அக்டோபரில் போபாலில், முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கான உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் நூல்களை இந்தியில் வெளியிட்டார்கள். அவற்றில் ஆங்கிலக் கலைச்சொற்களே பெரும்பாலும் தேவநாகரி எழுத்தில் நிற்கின்றன. தமிழ்நாட்டிலும் பாடநூல் கழகம் 2020களின் தொடக்க ஆண்டுகளில் மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கும் பணியை மேற்கொண்டது. முதல் நூல்களுள் ஒன்று மறுபடியும் கிரே. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அதே வாசலில் வந்து நிற்கிறோம்.

முழுக்கத் தமிழில் மருத்துவம் படிக்க வைத்தால் மாணவர்கள் உலக ஆய்விதழ்களைப் படிக்க முடியாமல் போகும் என்ற அச்சம் நியாயமானது. கிறீனின் மாணவர்களுக்கு நேர்ந்ததே சாட்சி. கரிசல்காட்டுப் பிள்ளையைத் தமிழ்க் கல்விக்கான பலியாக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் இன்றைய நிலையில் அவள் ஆங்கிலக் கல்விக்குப் பலியாகிறாள் என்பதும் உண்மை. ஒன்றைத் தவிர்க்க இன்னொன்றைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை.

செய்யத்தக்கது எளிது. மருத்துவ, நர்ஸிங் கல்லூரிகளின் முதலாண்டில் முதல் சில வாரங்களை உடற்சொற்களுக்கென ஒதுக்கலாம். ஆங்கிலப் பெயர், அதன் பொருள், பாடநூல் தமிழ், வட்டார வழக்கு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கற்பிக்கலாம். பட்டெல்லா என்றால் தட்டு என்று தெரிந்த பெண்ணுக்கு அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சில்லு என்று தெரிந்தவள் நோயாளியிடம் பேசவும் செய்வாள். தேர்வை ஆங்கிலத்தில் எழுதட்டும். விளக்கத்தைத் தமிழில் கேட்கும் உரிமை அவளுக்கு இருக்கட்டும். இந்த வேலையில் உடற்கூறியல் துறையினரோடு தமிழ்த்துறையினரும் உட்கார வேண்டும். கேசாதிபாதத்தைக் கற்பிக்கும் நாம், அங்காதிபாதம் நமக்குத் தொடர்பில்லாத பாடம் என்று ஒதுங்கியிருந்த காலம் மிக நீண்டுவிட்டது.

மனுஷ அங்காதிபாதத்தின் சொற்களை அப்படியே மீட்டெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. சுகரணம் இனி வராது. வர வேண்டிய தேவையும் இல்லை. உடலியங்கியல் நல்ல சொல்தான். ஆனால் அதுவும் பாடநூலின் அட்டையில் மட்டும் இருந்து, ஒரு மாணவியின் வாயிலும் ஒரு நோயாளியின் காதிலும் புழங்காமற் போனால், இன்னும் நூறாண்டு கழித்து யாரோ ஒரு தமிழாசிரியர் அதையும் பிரித்துப் பொருள் சொல்லிக் கட்டுரை எழுத வேண்டியிருக்கும்.